இடம் மாறிய பஞ்சு

ஐலி கின்னுனென் யாரையும் முழுதாக நம்பியதில்லை. அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரை நகரமான டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்ன கணவன் வேறொருத்தியோடு போய்விட்டதிலிருந்து அந்தக் குணம் முற்றியிருந்தது.

அந்த ஜனவரியில் அவளுடைய சந்தேகம் பக்கத்து வீட்டு எமெட் பெட்ரிச்சின் மேல் விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. அவன் பக்கத்தில் பனி அசையாமல் கிடக்க, அவள் பக்கத்தில் உருகி ஓரத்தில் பனிக்கூர்களாகத் தொங்கியது. வீட்டுச் சூடு மேலே கசிகிறது என்று அர்த்தம். அதைத் தடுக்கக் கூரைக்கடியில் பரணில் கொட்டிவைத்த பஞ்சு எங்கே போயிற்று? பரண் இருவருக்கும் பொது, நடுவே தடுப்பு கிடையாது. போன வருடம் அவளிடம் பனிவாரியை இரவல் வாங்கி, அது தன்னுடையது என்றே சாதித்தவன் ஆயிற்றே.

ஞாயிறு காலை மாஸ்க் கட்டிக்கொண்டு, இரண்டு பலகைகளோடு பரணில் ஏறினாள். பஞ்சு பரணின் குறுக்குக் கட்டைகளை மூடியிருந்தது. கட்டைகளுக்கு நடுவே மெல்லிய சீலிங் அட்டைதான். மிதித்தால் கீழே படுக்கையறை. கையால் துழாவிக் கட்டைகளைக் கண்டுபிடித்து, குறுக்கே பலகை போட்டு மண்டியிட்டாள். அடுத்த பலகையை முன்னால் தள்ளித் தள்ளி நகர்ந்தாள். கூரையோரத்தில் அவள் பக்கம் கட்டைகள் அப்பட்டமாகத் தெரிந்தன. எமெட் பக்கம் பஞ்சு குவிந்து கிடந்தது.

பலகையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் தன் வீட்டுத் திறப்பு வழியே தலையை நீட்டினான்.

“என் பஞ்சு உன் பக்கம் எப்படி வந்துச்சு, எமெட்?”

“காலங்காத்தால பரண்ல விசாரணையா? நான் இங்க ஏறியே வருஷக்கணக்காச்சு.”

“அப்ப பஞ்சுக்குக் கால் முளைச்சிருக்கும்.”

“திருடி நான் என்ன தலகாணியா தைக்கப் போறேன்? இரு, வந்து பாக்குறேன்.”

“பலகை இல்லாம வராத. கட்டை எங்க இருக்குன்னு தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

நாலு எட்டு சரியாக வைத்தான். அடுத்தது அவள் பக்கத்தில் விழுந்தது; அட்டை உடைந்து கால் தொடைவரை இறங்கியது. பேச்சை மாற்ற நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் முகம் வெளுத்ததும் பலகையில் குப்புறப் படுத்து, மற்ற பலகையை அவன் மார்புக்குக் கீழே தள்ளினாள். “எழும்பாத. அதுல சாஞ்சு காலை மெதுவா உருவு.”

உருவிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அப்போது ஏரிக்காற்று கூரையோரக் காற்றுத் துளைகள் வழியாகச் சீறியது. அவர்கள் கண்முன்னே பஞ்சு கொத்துக் கொத்தாக எழும்பி அவன் பக்கம் உருண்டது.

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, ஐலி.”

“என் படுக்கையறை சீலிங்ல ஓட்டையும் இருக்கு.”

அடுத்த வாரம் துளைகளுக்கு உள்ளே, காற்று பஞ்சின் மேல் படாமல் மேலே ஏறும்படி அட்டை அடித்தார்கள். எமெட் இந்த முறை பலகையில் உட்கார்ந்தபடி பஞ்சை வாருகோலால் பரப்பினான். நிரவும் சாக்கில் தன் பக்கம் கொஞ்சம் கூட இழுக்கிறானோ என்று ஐலியின் கண் அந்த வாருகோலை விட்டு அகலவில்லை.