டிரில் டீச்சரின் சாயங்காலங்கள்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தேன். எழுபதுகளின் தொடக்க வருடங்கள். ஐந்தடி எட்டங்குல உயரம். கல்லூரியில் குண்டு எறிந்து பழகிய தோள்கள். வெயிலில் நின்று நின்று கழுத்து ஒரு நிறம், முதுகு வேறு நிறம். இதற்கெல்லாம் மேலே என் குரல். நான் 'அட்டென்ஷன்' என்றால் மைதானத்துப் பிள்ளைகளோடு மதிலுக்கு வெளியே போகிற பால்காரரும் சைக்கிளை நிறுத்திவிடுவார் என்று மற்ற டீச்சர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'இடி டீச்சர்'.

கோபம் வந்ததில்லை. ஆனால் சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் போனபின், காலி மைதானத்தின் சுண்ணாம்புக் கோடுகளில் வெயில் சாய்ந்து கிடக்கும்போது, விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். யாரோ எனக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். என்ன அது என்று எனக்கே தெரியாது.

தையல் டீச்சரைப் பார்க்கும்போது கொஞ்சம் தெரியும். கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவிலிருந்து வருபவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவருக்குப் பம்பாயில் வேலை. இவர் மாமனார் மாமியாரோடு இங்கே. என் தோளுயரம்கூட வரமாட்டார். அவர் நாற்காலியை இழுத்தால் சத்தம் வராது. டம்ளரை வைத்தால் சத்தம் வராது. கொட்டுகிற மழையில் நடந்து வந்தாலும் புடவைக் கரையில் சேறு இருக்காது. பேசினால், கேட்பவர்தான் சற்றுக் குனியவேண்டும். அப்படிக் குனிய வைப்பதே ஒரு பெரிய அந்தஸ்து என்று எனக்குப் பட்டது.

நான் நாள்கணக்காக அவரைக் கவனித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பாறசாலைக்குத் தெற்கே. அம்மா போகிற ஜெபசபையில் பூ கிடையாது, பொட்டு கிடையாது, காதில் கம்மல்கூடக் கிடையாது. அதனால் வெளியே தெரியாத காரியங்கள்தான் எனக்கு வாய்த்தன.

காப்பியை நின்றபடி மடக் மடக்கென்று குடிப்பதை விட்டேன். உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, பிறகுதான் முதல் வாய். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாளை விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல விடுவேன். நாலு வெள்ளைக் கைக்குட்டை வாங்கினேன். பித்தளைச் செம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதன் அடிப்பாகத்தால் தேய்த்து மடித்து வைப்பேன். துணிப்பெட்டியில் ஒரு பிடி வெட்டிவேர். இங்கே ராமச்சம் என்பார்கள். நடக்கும்போது குடை ஆடாத வேகத்தில் நடக்கப் பழகினேன். அதற்கே மூன்று மாதம் ஆயிற்று.

எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது கால். பகல் முழுக்கக் கேன்வாஸ் ஷூவுக்குள் வெந்து கிடக்கும் கால்கள். மிருகக்காட்சிசாலைக்குப் பின்பக்கம் இருந்தது எங்கள் லேடீஸ் ஹாஸ்டல். அங்கே கொல்லைத் துவைகல்லில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பேன். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பேன். இருட்டத் தொடங்கும் நேரம். மரங்களுக்கு அந்தப் பக்கம் கூண்டிலிருந்து சிங்கம் ஒருமுறை கர்ஜிக்கும். எங்கோ வேறொரு தேசத்தில் யாரோ தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். நான் தேங்காயெண்ணெயைத் தொட்டு விரலிடுக்குகளில் தடவுவேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு உயரமும் இல்லை, தோளும் இல்லை. காலிலிருந்து மேலே ஒரு மிருது ஏறிவரும்.

அந்த வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் நாகர்கோவில் பக்கம், வேலை இங்கே ஒரு ஆபீஸில் கிளார்க். ஒரு சனிக்கிழமை அவரும் அவர் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். எழுந்தால் நிலைப்படியை இடிக்கிற உயரம் தெரிந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"என்ன படிச்சிருக்க மக்களே?" என்றார் அந்த அம்மா.

நான் தையல் டீச்சரை மனதில் நிறுத்திக்கொண்டு பதில் சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு மக்களே. எனக்குக் கேக்கல்ல."

எனக்கு உள்ளெல்லாம் குளிர்ந்துபோயிற்று. பிறந்ததிலிருந்து என் குரல் கேட்கவில்லை என்று ஒருவர் சொல்வது அதுதான் முதல்தடவை. போகும்போது மாப்பிள்ளை, காய வைத்திருந்த குடையை நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக நீவி மடக்கினார். அது எனக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்குச் சம்மதம் என்று அடுத்த வாரம் சொல்லியனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பள்ளியிலும் நான் கத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். எல்லாம் விசிலும் கையசைவும்தான். "டீச்சருக்குத் தொண்ட வேதனையோ?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை கேட்டார். நான் சிரித்து வைத்தேன். அந்த நாட்கள் ஞாபகத்தில் ஒலியே இல்லாமல்தான் வருகின்றன. பிள்ளைகள் கை தூக்குவார்கள், இறக்குவார்கள். மாமர நிழல் நகரும். நான் அதற்குள் பஞ்சு மாதிரி நடந்துகொண்டிருப்பேன்.

ஐப்பசியில் ஆண்டுவிழா. மைதானத்தில் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். மதியம் தையல் டீச்சர் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பந்தலடியில் வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மைதானத்தின் மறுகோடியில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழைக்கு முந்தின காற்று திடீரென்று எழுந்தது. மூலைக் கம்பம் ஒன்று கயிறு தளர்ந்து மெதுவாகச் சாய்ந்தது. நிஜமாகவே மெதுவாகத்தான். தையல் டீச்சர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை. பிள்ளைகள் குனிந்து பசை தடவிக்கொண்டே இருந்தார்கள்.

"ஓடு! எல்லாரும் வெளியே ஓடு!"

என் குரல்தான். எத்தனையோ வாரமாக உள்ளே கிடந்தது ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது. பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. இடி டீச்சர் சொன்னால் ஓடுவது அவர்கள் கால்களுக்குப் பழக்கம். தையல் டீச்சரும் கூடவே ஓடினார். கம்பமும் அதோடு பாதிக் கூரையும் காகிதக் குவியல்மேல் விழுந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் நான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தையல் டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"டீச்சர், நேத்திக்கு முதல்ல பாத்தது நான்தான். மூங்கில் சாயறது நன்னாத் தெரியறது. வாயைத் தொறந்தா வெறும் காத்துதான் வரது."

"பயத்துல அப்பிடித்தான் ஆவும் டீச்சர்."

"பயம் இல்லே. பழக்கம். ஆத்துல நான் பேசறது அடுத்த ரூமுக்குக் கேக்கப்படாது. பத்து வருஷமாச்சு." சற்று நிறுத்திவிட்டு, "எப்படிக் கத்தறதுன்னு நேக்குச் சொல்லித் தருவேளா?" என்றார்.

நான் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டேன். "நான் ஒங்களப் பாத்துல்லா மெதுவாப் பேசப் படிச்சேன்!"

"என்னைப் பாத்தா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, தாழ்ப்பாள், குடை, கைக்குட்டை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றது.

"கதவு சத்தம் போட்டா மாமனார் முழிச்சுண்டுடுவார். அதனாலதான் தாழ்ப்பாளைப் பிடிச்சுண்டு விடறது. நாற்காலியும் அப்படித்தான். ஆனா கைக்குட்டை அப்படி இல்லே டீச்சர். நாலு மூலையும் சேத்து மடிக்கறச்சே நேக்கே நேக்குன்னு ஒரு சந்தோஷம். அது யாருக்காகவும் இல்லே."

அன்று முழுக்க அந்த 'நேக்கே நேக்கு' என்னோடு சுற்றியது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், பள்ளி காலியானபின், இரண்டு பேரும் மைதானத்தில் நின்றோம். மழை வருமா வராதா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றின்மேலும் ஒரு மஞ்சள் வெளிச்சம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு புல்லில் நின்றார்.

"தொண்டையில இருந்து இல்ல டீச்சர். அடிவயித்துல இருந்து வரணும். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு போறாருன்னு நெனச்சுக்கிடுங்க. அவரக் கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிடறது?"

"ஆரையாவது."

முதல் தடவை பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. இரண்டாவது தடவை இருமல். மூன்றாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, "ஏய்!" என்றார். மாமரத்திலிருந்து காக்கைகள் எழும்பிப் போயின. அவர் கண்ணைத் திறந்து, அந்தச் சத்தம் போன திசையைப் பார்த்தபடி நின்றார். பிறகு நானும் சேர்ந்துகொண்டேன். "ஏய்!" என்றார் அவர். "ஏய்!" என்றேன் நான். எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியாது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது.

திரும்பினால் கேட்டருகே மாப்பிள்ளை நிற்கிறார். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தாராம்.

தையல் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு விலகிப் போனார். மாப்பிள்ளை கிட்டே வந்து, "சத்தம் கேட்டுது. நீங்களா?" என்றார்.

தையல் டீச்சர்தான் கத்தினார், நானில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பு வரத்தான் செய்தது.

"நான்தான். எனக்க சத்தமே அதுதான்," என்றேன், என் சாதாரணக் குரலில்.

"அண்ணைக்கு வீட்டுல பேசினது?"

"அதும் நான்தான். ஆனா அதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன்."

அவர் லேசாகச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பதைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. அவர்களுக்கு அடக்கமான பெண் வேண்டுமாம். ஹாஸ்டல் வராந்தாவில் நின்றபடி வாசித்தேன். அழுதேன். அந்தக் குடை மடக்கும் கைகளை நினைத்து அழுதேன் என்றுதான் தோன்றுகிறது.

பிறகு கொல்லைக்குப் போய் வெந்நீர் போட்டேன். உப்பைப் போட்டு, காலை உள்ளே விட்டபின்தான் உறைத்தது, இதைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் என் குதிகாலைப் பார்த்ததில்லை. ஷூ போட்ட காலை இனி யாரும் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் தண்ணீரின் சூடு ஏற ஏற உடம்பு தானாக அடங்கியது. பக்கத்துச் சுவரில் பாசி பச்சையாக, வெல்வெட்டாக இருந்தது. இருட்டு அதன்மேல் மெல்லப் படிவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். நான் எப்போதும் இருந்த உயரத்தில்தான், அந்தத் தோள்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

அதன்பின் ஒரு தரம்பிரித்தல் நடந்தது. தாழ்ப்பாளைப் பிடித்து விடுவதை நிறுத்தினேன். என் கதவு யாரையும் எழுப்பப்போவதில்லை. குடை ஆடினால் ஆடட்டும். உட்கார்ந்து காப்பி குடிப்பது, கைக்குட்டை, வெட்டிவேர், கால், இவை என்னோடு தங்கிவிட்டன. முப்பத்திரண்டு வயதில், சர்வே ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவர் என் குரலைப் பற்றி நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. தையல் டீச்சர் அதற்கு முன்பே பம்பாய் போய்விட்டார். அங்கே அடுத்த வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டு ஜெயித்ததாக ஒரு கார்டு எழுதியிருந்தார்.

அதெல்லாம் பிற்பாடு. கடிதம் வந்த அந்த வாரம் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சாலைக்கடைத் தெருவுக்குப் புடவை எடுக்கப் போனோம். அதுவரை நான் வாங்கியதெல்லாம் காப்பிப்பொடிக் கலர், கருநீலம். அழுக்குத் தெரியாது; ஆளும் அதிகம் தெரியாது. அன்று கடைக்காரர் விரித்ததில் ஒரு மெல்லிய வாயில் துணிப் புடவை. விடியற்காலைக் கடல் மாதிரி, நீலம் என்றும் சொல்ல முடியாத ஒரு நீலம். இந்த மாதிரியெல்லாம் சின்ன உடம்புக்காரிகளுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். தையல் டீச்சர் அதை எடுத்து என் தோளில் போட்டார்.

"நீளமா இருக்கறவாளுக்குத்தான் இது விழும் டீச்சர். நான் கட்டிண்டா மடிச்சு மடிச்சே தீந்துடும்."

திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். காற்றில் முந்தானை படபடத்தது, இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் அட்டென்ஷன் சொல்வதற்கு முன்பே முன்வரிசையில் ஒரு சின்னவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இண்ணைக்கு ஒங்களுக்குப் பொறந்தநாளா?"

"இல்ல," என்றேன். "திங்கக்கிழம."