யோன்கா உட்கார்ந்திருந்த கார்

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் விதின் நகரத்தில் கார் கண்ணாடி இறங்கவில்லை, கதவு பூட்டவில்லை என்றால் ஸ்தாமெனிடம்தான் வருவார்கள். அவர் பட்டறைக்குப் பக்கத்து டயர் கடை என்னுடையது. பழைய காருக்குக் கண்ணாடி ஏற்றும் புது மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மோட்டாரை ஊறுகா போடு. ஃப்யூஸ் பாத்தியா? ஸ்விட்ச் பாத்தியா?" என்பார். பிறகு கதவுக்கும் காருக்கும் நடுவே வயர் போகும் ரப்பர் குழாயைக் கழற்றுவார். இருபது வருஷம் திறந்து மூடிய கதவில் வயர் அங்கேதான் நைந்துபோகும். "கண்ணாடி திக்கித் திக்கி ஏறுச்சுன்னா உடனே வரணும்யா. அடுத்து பூட்டு தானா திறந்துக்கும்" என்று திட்டிக்கொண்டே சரிசெய்வார்.

அவர் மனைவி யோன்காவுக்கு நினைவு தப்பி மூன்று வருஷம். வீட்டில் தனியே விட முடியாது. தினமும் கூட்டிவந்து, பட்டறை வாசலில் நிற்கும் தன் பழைய காரின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிடுவார். உள்ளிருந்து பூட்டைத் திறக்கும் குமிழை அவரே பிடுங்கியிருந்தார். கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, அந்த இடைவெளியில் கையை விட்டு ஊட்டுவார்.

"பொண்டாட்டியக் கூண்டுல வச்சிருக்கான்" என்றது ஊர். நானும் ஒரு தடவை சொன்னேன். எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

ஸ்பெயினில் இருக்கும் மகள் வியாரா கறாராகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவ அம்மா காணாமப் போனா, முதியோர் இல்லத்துல சேத்துரணும்ப்பா." அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். யோன்கா கண்ணெதிரே இருக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் பார்த்தால் சீட் காலி. இரண்டு மணி நேரம் தேடினோம். டான்யூப் கரையில், முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"ஏண்டி கதவத் திறந்த?" என்று கத்தினார். அவள் நடுங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க இந்த ஆளு?"

அன்று சாயந்திரம் தன் காரின் ரப்பர் குழாயை அவர் கழற்றினார். உள்ளே இரண்டு வயர்கள் தோலுரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடியை இறக்கினால் கூடவே பூட்டும் திறந்தது.

"பத்து நாளா திக்கித் திக்கித்தான் ஏறுச்சு, பென்கோ," என்றார். "ஊரான் காரை முடிச்சுட்டுப் பாப்போம்னு விட்டுட்டேன். அவ திறக்கல. ஊட்டக் கண்ணாடிய இறக்கினப்போ நான்தான் திறந்துவிட்டிருக்கேன். அவளப் போய்த் திட்டினேன்."

"வியாராகிட்ட சொல்லாதீங்கண்ணே. நானும் வாயத் திறக்க மாட்டேன்."

"சொல்லிட்டேன்."

வயரை ஒட்டி, டேப் சுற்றி, கண்ணாடியை நாற்பது தடவையாவது ஏற்றி இறக்கிப் பார்த்தார். பூட்டு அசையவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். எனக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இல்லத்துக்கு நானும் கூடப் போனேன். யோன்காவின் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஸ்தாமென் வாசலுக்கு வந்தார். அங்கே நின்ற அவள் கையில் நர்ஸ் கொடுத்த தண்ணீர் டம்ளர் இருந்தது.

"கிளம்பிட்டீங்களா ஐயா? தூரமா?"

"பக்கத்துலதான்."

எங்கள் பக்கம் யாராவது கிளம்பினால், போகிற காரியம் தண்ணீர் போல ஓடட்டும் என்று வீட்டுப் பெண்கள் வாசற்படியில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவருக்கு யோன்கா எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறாள். இப்போதும் குனிந்து, டம்ளரைப் படியில் பொறுமையாகக் கவிழ்த்தாள்.

"சீக்கிரம் போங்க ஐயா. வீட்டுல உங்க சம்சாரம் தேடுவாங்க."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, ஸ்தாமென் அந்த ஈரத்தை மிதித்துக்கொண்டு இறங்கினார்.