ஏற்றாமல் விட்ட பாட்டுகள்

என் மனைவி செத்த அன்றைக்கு நான் அழவில்லை. துட்டி கேட்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து, "ஏட்டையா கல்லு மாதிரில்லா இருக்காரு" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. போலீஸ்காரன், பிணம் பார்த்துப் பழகினவன் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறைத்துவைக்க என்னிடம் ஏதாவது இருந்தால்தானே? உள்ளே தட்டிப் பார்த்தாலும் ஒரு சத்தமும் வரவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது.

சீசன் வந்தால் எனக்கு மெயின் அருவியில் பந்தோபஸ்து. விசிலை ஊதுவது, குளித்தவனை வெளியே தள்ளுவது, குளிக்காதவனை உள்ளே விடுவது, தண்ணீர் கூடினால் எல்லோரையும் கரையேற்றுவது. பல வருஷமாக ஒரே இடத்தில் அருவிக்கு இடது பக்கத்தைக் காட்டியே நின்றதில் என் இடது காது போய்விட்டது. அதில் ஃபோனை வைத்தால் ஒன்றும் கேட்காது. என் மனைவிக்கு இது தெரியும். என்ன சொல்ல வேண்டுமென்றாலும் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுதான் சொல்வாள்.

நாள் முழுக்க இரைச்சலில் நிற்கிறவனுக்கு வீட்டில் ஒரு சத்தமும் ஆகாது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் அவள் அடுப்படியில் ரேடியோ வைத்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதைத்தான் அணைப்பேன். கொஞ்ச நாளில் என் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவளே அணைத்துவிடப் பழகிக்கொண்டாள். அந்த வீட்டில் என்ன பாட்டு ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் தென்காசியில் டயாலிசிஸ் என்றாயிற்று. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய எம்பி த்ரீ பிளேயர் ஒன்று அலமாரியில் கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மகளுக்கு ஃபோன் வந்தபிறகு அதை யாரும் தொடவில்லை. இவள் அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். மகள் ஏற்றிவைத்திருந்த அறுபது பாட்டுத்தான் அதில் இருந்தது. இரண்டு வருஷம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

பங்குனியில் ஒருநாள் என் வலது பக்கம் வந்து நின்று ஒரு தாளை நீட்டினாள். "புதுசா கொஞ்சம் பாட்டு ஏத்திட்டு வாரியளா? எழுதியிருக்கேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏத்திக் குடுக்காவளாம்" என்றாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டை சலவைக்குப் போயிற்று. திரும்பி வரும்போது பைக்குள் தாள் இல்லை. வெள்ளையாக ஒரு உருண்டைதான் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மையெல்லாம் கரைந்து, ஒரு எழுத்துக்கூடத் தேறவில்லை.

இன்னொரு தடவை எழுதிக் கொடு என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. கேட்கவில்லை. தொலைத்துவிட்டேன் என்று சொல்ல ரோஷம். அடுத்த வாரம் அவள் கேட்டபோது, "கடை பூட்டியிருக்கு" என்றேன். அதற்கடுத்த வாரமும் அதேதான். மூன்றாம் தடவை, "இன்னும் தெறக்கலையாக்கும்?" என்று அவளே கேட்டு அவளே சிரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வைகாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. என் அக்கா கீழப்பாவூரிலிருந்து மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சில்லை. "அவ ஆசப்பட்டதெல்லாம் வச்சுப் படைக்கணும்லே. ஒண்ணு கொறைஞ்சாலும் மனசு ஆறாம சுத்திக்கிட்டு கெடக்கும்" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்குக் குப்பி, பெண்களுக்குச் சேலை, பூ, அவர்கள் விரும்பித் தின்ற பலகாரம். "எதுலயாவது அவளுக்குக் கொறை வச்சிருக்கியா?" என்று அக்கா கேட்டாள். எனக்கு அந்த வெள்ளை உருண்டை ஞாபகம் வந்தது. இருபத்து நாலு வருஷத்தில் அவள் என்னிடம் எழுதிக் கொடுத்துக் கேட்டது அது ஒன்றுதான். அந்தப் பாட்டுகளை ஏற்றிப் படையலில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் வேறு எதையும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பிளேயரை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். கடை பூட்டியிருந்தது. நிஜமாகவே பூட்டியிருந்தது. ஷட்டரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள்: சீசன் முடியும்வரை கடை குற்றாலத்தில். நான் கொஞ்ச நேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

தென்காசிக் கடைக்காரர்களில் பாதிப் பேர் சீசனுக்குக் குற்றாலத்தில் தட்டி கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஆளும் நான் டூட்டி பார்க்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் துண்டும் டவுசரும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்றுக்கொண்டிருந்தார். தினமும் அவரைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறேன். கடையின் உள்பக்கம், சாரல் படாமல் பாலிதீன் தாளைப் போர்த்தி ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. டூரிஸ்ட் வேன் டிரைவர்கள் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்ள வருவார்களாம்.

பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா, ஏட்டையா?" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். என் வீட்டு விஷயம் அவருக்கும் தெரியும். "எந்தப் பாட்டு ஏத்தணும்?"

"என் வீட்டுக்காரி கேட்டது."

"அதான், எது?"

என்னால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. திருடனைப் பிடித்து நிறுத்தி, அவன் அப்பன் பேர், ஆத்தா பேர், அடையாளம், மச்சம் எல்லாம் எழுதுகிற ஆள் நான். கட்டினவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்று சொல்லத் தெரியவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா எல்லாப் பாட்டும் கேப்பாப்பா" என்றாள். கடைக்காரர் இரக்கப்பட்டு, "மெலடி இருநூறு இருக்கு, சாமி பாட்டு நூறு இருக்கு, மொத்தமா தள்ளி விட்டுருதேன். அவங்க கேட்டது அதுக்குள்ள எங்கனயாவது இருக்கும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. பிளேயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. வண்டி பழக்கதோஷத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. டயாலிசிஸ் வார்டில் என் மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி படுத்திருப்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கூட்டிப்போக வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கலாம் என்று தோன்றியது. நர்ஸிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாங்க அண்ணாச்சி" என்றாள். கையில் ஊசியும் குழாயுமாக இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். தாள் சலவையில் போனதையும் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டியது.

"அந்தச் சீட்டா?" என்றாள். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீய. அதுல இருந்ததெல்லாம் நான் கேட்ட பாட்டு. அக்காவுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காதுன்னு வச்சுத்தான் கேப்போம். பழசு கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சுக்கான்னு ஒருநா சொன்னேன். ஒனக்கு எது வேணும், சொல்லு, எங்க வீட்டுக்காரவங்க ஏத்திட்டு வருவாவன்னு அவங்கதான் எழுதிக்கிட்டாங்க."

"அவளுக்குன்னு ஒண்ணும் எழுதலியா?"

"எழுதலியே. நானும் கேட்டேன். ஏட்டி, எனக்கு எது ஓடினாலும் சரின்னுட்டாங்க."

நான் நோட்டை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல, வாக்குமூலம் எழுதுகிற மாதிரி வரிசை எண் போட்டு எழுதினேன். முப்பத்தொரு பாட்டு. எழுதி முடித்ததும் அவளே சொன்னாள்: "இதுல சார்ஜ் மூணு மணி நேரந்தான் நிக்கும். கடேசி ஒரு மணி நேரம் அக்காவே பாடுவாங்க. மெதுவா, எனக்கு மட்டும் கேக்க மாதிரி. நல்லாப் பாடுவாங்க, என்ன?"

"ஆமா" என்றேன். அவள் பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் டூட்டிக்கு நடுவில் தாளைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். பிளேயரைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, "எடம் இல்லை ஏட்டையா. பழசை அழிச்சாத்தான் இது ஏறும். அழிச்சிரவா?" என்றார். அவள் இரண்டு வருஷம் கேட்ட அறுபது பாட்டு. அதில் ஒன்றைக்கூட நான் காதில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் அருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று விசில் சத்தம் கேட்டது. "அழிச்சிரும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிளேயரைத் துண்டு போடுகிற பையில் போட்டுக் கொடுத்தார்.

அமாவாசை வியாழக்கிழமை வந்தது. விடியற்காலையிலேயே அக்கா படையல் போட்டாள். இலையில் சோறு, சொதி, அவளுக்குப் பிடித்த உளுந்தவடை. பக்கத்தில் புதுச் சேலை, பூ, நடுவில் அந்தப் பிளேயர். அக்கா அதை முறைத்துப் பார்த்தாள். சூடம் காட்டி முடித்ததும் கேட்டேன், "யக்கா, படைச்சத வேற ஆளுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கதுக்குத்தானலே படைக்கது. செத்தவ வந்தா உடுத்தப் போறா?" என்றாள். சேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பிளேயரை நான் எடுத்துக்கொண்டேன்.

டூட்டிக்கு இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மனைவி படுத்திருந்த கட்டில் அன்றைக்குக் காலியாக இருந்தது. அதில் வர வேண்டிய ஆள் இன்னும் வரவில்லையாம். ஆலங்குளத்துப் பெண்ணின் கையில் பிளேயரைக் கொடுத்தேன். படையலில் வைத்ததையும் சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பழசெல்லாம்?" என்றாள்.

"அழிச்சாச்சு."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஒற்றைக் கையாலேயே பாட்டைப் போட்டு, இயர்ஃபோன் வயரின் ஒரு முனையை வலது காதில் வைத்தாள். இன்னொரு முனையைப் பக்கத்துக் கட்டில் பக்கம் நீட்டிவிட்டாள். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. காலிக் கட்டிலைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. திரும்ப இழுத்துக்கொள்ளவும் முடியாமல், கீழே விடவும் முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"வைங்க அண்ணாச்சி. இது அக்கா வைக்கது. இடது காது" என்றாள்.

இடது காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வலது காதுக்கு மாற்றினால் கேட்கும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், வயர் எட்டும். நான் திருப்பவில்லை. கேட்டுவிட்டால் என்ன ஆவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் செத்ததிலிருந்து எனக்கு வந்த முதல் பயம் அதுதான்.

"கேக்குதா, அண்ணாச்சி?"

"கேக்குது" என்றேன். கடை பூட்டியிருக்கு என்று சொன்ன அதே வாயால்தான் சொன்னேன்.

அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை ஆடுவதைப் பார்த்துப் பார்த்து நானும் ஆட்டினேன்.