ஒரே குருவி என்று நினைத்தேன்

ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள என் போன் கடைக்கு வரும் ரஷ்யர் ஒருவர், அறை மாறும்வரை வைத்திருக்கச் சொல்லி ஒரு பெட்டியைத் தந்தார். தன் நாட்டில் கார்ட்டூன் படங்கள் செய்தவர். போரை எதிர்த்ததால் வெளியேறியவர்.

இடம் போதாமல் ஒருநாள் பெட்டியைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான தாள்கள், எல்லாவற்றிலும் ஒரே குருவி.

"இஞ்சருங்கோ, அந்த மனுசனை ஒருக்கா கேட்டுட்டு எறியுங்கோ," என்றாள் மனைவி.

"எல்லாம் ஒரே படம்தானே, ஒண்டு காணும்," என்று ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டேன்.

பெட்டியைக் கேட்டுத் திரும்பி வந்தவர், நான் நீட்டிய அந்த ஒற்றைத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒவ்வொரு தாளிலும் இறகு கொஞ்சம் கொஞ்சமாக விரியும். சேர்த்து ஓட்டினால்தான் அது பறக்கும். மூன்று வருட வேலை," என்றார் பிரெஞ்சில்.

பயத்தில், குழாய் உடைந்து தண்ணீர் புகுந்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

"அப்படியா? உங்கள் கடைச் சாமான்களுக்கும் சேதமா?" என்று கவலையோடு கேட்டார். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவர் இப்போது செவ்ரான் என்ற புறநகரில் இருக்கிறார். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். உண்மையைச் சொல்ல நான் இன்னும் போகவில்லை.