தண்ணீருக்குள் முளைத்த நெல்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அவர் எனக்கு அடுத்த லைன் வீட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, மெழுகுவர்த்திப் புகை படிந்த புருவம். சுரங்கத்தில் இறங்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறுமுன், குளத்தில் முங்கப் போகிறவர்போல் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள், நானும்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், பாறைக்கு வைத்த வெடியின் புகை போய்விட்டது என்று சொல்லிச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை ஆட்களை இறக்கினார். ஆனால் புகை போகவில்லை. அடுத்த வீட்டுக்காரரின் தம்பி உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போனான்.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவர் வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தார். அண்ணனும் தம்பியுமாகக் கேழ்வரகும் ஒரு பிடி நெல்லும் விதைத்த துண்டு நிலம் அது. விதைத்த அன்றே பிடித்த மழையில் முழுகிக் கிடந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரில் கைவிட்டு ஒரு நெல்லை எடுத்துக் காட்டினார். ஊசிபோல வெள்ளையாக ஒரு முளை, வேரே இல்லை.

"காத்து இல்லேன்னா இது வேர் வுடாதுங்க. மூச்சுக்காவ தல மட்டும் மேல வரும்."

"கேவுரு?" என்றேன்.

ஒரு கை சேற்றை அள்ளினார். அழுகல் வாடை அடித்தது.

"அதால முடியாதுங்க. செத்துடும்." சேற்றை உதறினார். "தொர இன்னா நெனச்சிகினு எறக்குனாரு? எங்கள நெல்லுன்னு நெனச்சிகினாரா?"

மறுநாள் ஷிப்டுக்கு வந்தார். மூச்சை இழுக்காமலே கேஜில் ஏறினார். துக்கத்தில் மறந்திருப்பார் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு மூச்சை அடக்கினாலும் ஆள் நெல்லாக முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.