பிழையாக எழுதியிருந்த செசீலியாவின் பெயர்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ. கோயிலில் நாலு பேருக்கு முன்னால் எழும்பிச் சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு வைகாசி. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் ஒரே தங்கச்சி செசீலியா, புருசனோடும் மகளோடும் முல்லைத்தீவுப் பக்கம் அகப்பட்டிருந்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஒருவரும் இல்லை. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சோற்றில் கை வைப்பேன், எழும்பிவிடுவேன். பஸ்ஸில் ஏறினால் இரண்டு தரிப்புக்கு முன்னமே இறங்கி நடப்பேன். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். செபமாலையை எடுத்தால் மூன்றாம் மணியிலேயே மனம் எங்கோ போய்விடும். ஆண்டவரோடு கோபமாகவும் இருந்தேன்.

அப்போது எனக்குக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு லெபனான்காரரின் பேக்கரியில் வேலை. அவர் மரோனைட் சபை, அதாவது லெபனான் நாட்டுக் கத்தோலிக்கர். காசு மேசைக்கு மேலே தாடி வைத்த ஒரு பெரியவரின் படம் மாட்டியிருந்தார். அன்றைக்கு நான் மூன்றாவது தட்டு ரொட்டியையும் கருக்கிவிட்டேன். முதலாளி ஏசவில்லை. "என்ரை மாமியார் சுட்ட ரொட்டி மாதிரி இருக்கு. வா, வந்து இரு" என்றார். நாங்கள் கதைப்பது அரைகுறை இங்கிலீசில்தான். என் கதையைக் கேட்டுவிட்டுப் படத்தைக் காட்டினார். 

அந்தப் பெரியவர் முந்நூறு வருசத்துக்கு முன் அவர்களுடைய சபைக்கே தலைவராக, முதுபெரும் தந்தையாக இருந்தவராம். சின்ன வயதில் ரோமாபுரிக்குப் படிக்கப் போய், வாசித்து வாசித்தே பார்வை போய்விட்டது. மாதாவிடம் மன்றாடினார். பார்வை திரும்பியது. ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். தன் சனத்தின் சரித்திரத்தை எழுதினார். ஆட்சிக்காரருக்குப் பயந்து மடத்தை விட்டு ஓடி ஒளிய வேண்டி வந்தபோதும் எழுதுவதை விடவில்லை. "இவர் எழுதாட்டி எங்கட ஆக்கள் இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. இவரிட்டக் கேள்" என்றார் முதலாளி.

மாவுக் கையோடு நின்று கேட்டேன். "ஐயா, நீங்கள் வாசிச்சுக் கண் போனவர். நான் ஒழுங்காய் வாசிக்கவே தெரியாதவன். மாதா உங்களுக்குத் தந்த பார்வையில கொஞ்சம் எனக்கும் கேட்டுத் தாங்கோ. தங்கச்சி இருக்கிறாளோ இல்லையோ, அது மட்டும் தெரிய வேணும். தெரிஞ்சால் எல்லாருக்கும் சொல்லுவன்."

அடுத்த கிழமை, சண்டையில் தப்பி முகாமில் இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கோயிலுக்கு வந்தது. எல்லாம் இங்கிலீசில். என் மனைவி ஏஎல், அதாவது உயர்தர வகுப்பு வரை படித்தவள். கடகடவென்று பார்த்தாள். "செசீலியா எண்டால் 'சி' எழுத்திலதான் வரும். அதில இல்லையப்பா" என்று சொல்லி அழுதாள்.

நான் தாளை விடவில்லை. முதல் பெயரிலிருந்து விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசித்தேன். எனக்கு வேறு விதமாக வாசிக்கத் தெரியாது. "ஞானோபதேச வகுப்புப் பிள்ளை மாதிரி உதென்ன ராகம்?" என்று மனைவி அழுகைக்குள்ளேயே பகிடி பண்ணினாள். இரண்டாம் நாள் பின்னேரம் 'எஸ்' எழுத்துக்கு வந்தேன். ஒரு பெயரைக் கூட்டினேன். சி, சி, லி, யா. என் வாய் சொன்னதை என் காது கேட்டது. அப்பாவின் பெயர் சரி. வயது சரி. கீழே மகளின் பெயர், அதுவும் பிழையாக.

மனைவி தாளைப் பறித்துப் பார்த்தாள். "இப்பிடி ஆர் எழுதுவினம்?"

"நான் எழுதுவன்" என்றேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்திலேயே முழங்காலில் விழுந்தேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் தங்கச்சியின் குரலைப் போனில் கேட்டேன். பெயர் இருந்த விதத்தைச் சொன்னேன். "பதிஞ்சவர் எப்பிடி எழுதுறதெண்டு கேட்டவர், அண்ணை. எனக்கென்ன தெரியும்? நானும் உங்களை மாதிரி அஞ்சாம் வகுப்போட நிண்டவள்தானே. வாயில வாற மாதிரி எழுதுங்கோ எண்டனான்." சிரித்தாள். பிறகு அழுதாள். அவளுடைய புருசன், என் மச்சான், எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்றுவரை இல்லை. அதை மறைத்து எழுதினால் இது சாட்சி ஆகாது.

அதற்குப் பிறகு கோயிலில் மற்றவர்களும் தங்கள் பட்டியல்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். கடைசி வரிசை வாங்கில் ஒதுங்கி இருந்த நான், மண்டபத்தில் மேசை போட்டு, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தேன். சிலர் கிடைத்தார்கள். பலர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துச் செபிக்கிறேன். முதல் பெயர் மச்சானுடையது.

சொல்லுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வெட்கத்தில் பதினைந்து வருசம் இருந்துவிட்டேன். இந்த ஆவணியில் லெபனானில் அந்தப் பெரியவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். முதலாளி போன் எடுத்தார். "இன்னும் எழுதேல்லையோ? அவர் ஓட ஓட எழுதினவர். நீ சோபாவில இருந்துகொண்டே எழுதேல்லை" என்று ஏசினார். ஆண்டவரே, மாதாவே, பிந்தியதற்கு மன்னியுங்கள். தந்ததற்கு நன்றி.

இன்னும் ஆளைத் தேடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். செபிக்க நல்ல சொல் வரவில்லை என்று விட்டுவிடாதேயுங்கோ. அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கோ. பூசை முடிந்து என்னிடமும் வந்து சொல்லுங்கோ, கொப்பியில் இடம் இருக்கிறது. இருவருமாகக் கேட்போம்.

2024 புரட்டாதி 15, ஞாயிற்றுக்கிழமை.