யாருக்கு இந்தப் பாட்டு?

போன கிழமை சுப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, கூரையிலிருந்த ஸ்பீக்கரில் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு வந்தது. பழையது என்றா சொன்னேன்? நான் முதன்முதல் கேட்ட அன்று, அது லண்டனில் இப்போதுதான் வெளிவந்தது என்று அறிவிப்பாளர் பெண் குதூகலமாகச் சொன்னாள். பாட்டோடு ஈரக் கம்பளத்தின் மணமும் வந்துவிட்டது.

அது இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் நான் தனியாகக் குடியிருந்த, நிலத்துக்குக் கீழான பேஸ்மென்ற் அறையின் மணம். இரண்டாயிரங்களின் தொடக்கம். வேலை டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. உலகம் சுற்றுகிறவர்களுக்குக் கரண்டி எடுத்துவைத்தவன், வேலைக்குப் போகும் பாதையைத் தவிர வேறு பாதை தெரியாதவன். எனக்கு முன் இருந்தவர் ஒரு ரேடியோ கசற்றை விட்டுப் போயிருந்தார். ஏரியல் கம்பி முறிந்த இடத்தில் சட்டை கொழுவும் கம்பியைச் செருகினால் ஒரேயொரு பல்கலைக்கழக வானொலி மட்டும் தெளிவாகக் கேட்கும். சனி பின்னேரங்களில் அந்தப் பெண் வருவாள். பிரிட்டனில் புதிதாக வந்த பாட்டுகள், பிறகு ஐஸ்லாந்து, மாலி என்று எங்கெல்லாமோ கூட்டிப்போவாள்.

திங்கட்கிழமை தட்டு அடுக்கும்போது அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பேன். பக்கத்தில் நின்று வேலை செய்த ராசன் அண்ணைக்குப் பொறுக்காது.

"அந்தப் பாட்டில உனக்கு என்னடா விளங்குது?"

"ஒண்டும் விளங்கேல்லை அண்ணை."

"பேந்தேன் கேக்கிறாய்? தமிழ்ப் பாட்டுக் கசற் ஒண்டு தாறன், கொண்டுபோய்க் கேள்."

கொண்டுபோனேன். முதல் பாட்டிலேயே அம்மா வந்துவிட்டார். இரண்டாவதில் மன்னார் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒருத்தி. நிறுத்திவிட்டேன். தமிழ்ப் பாட்டு ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு ஆள் இருந்தது. லண்டன் பாட்டுகளில் யாருமில்லை. அதனால்தான் அவற்றைத் தாங்க முடிந்தது.

ஒரு சனிக்கிழமை பனி கொட்டித் தள்ளியது. முந்தின நாள் வேலை விட்டதிலிருந்து நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. குரல் இருக்கிறதா என்று இருமிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். திரும்பக் கேட்க விரும்பும் பாட்டுக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றாள் அவள். நாங்கள் நேயர் விருப்பத்தில் வளர்ந்தவர்கள் அல்லவா? தபாலட்டையில் குடும்பம் முழுவதின் பெயரையும் எழுதி, அறிவிப்பாளர் மூச்சு வாங்க வாசிப்பதைக் கேட்பதற்கே ரேடியோவைச் சுற்றி இருப்போம். நானும் தொலைபேசி எடுத்தேன். அவளே பேசினாள். இந்தப் பாட்டைத்தான் சொன்னேன். யாருக்கு என்று கேட்டாள்.

 அம்மா, அக்கா, மச்சாள் எல்லாரும் கடலுக்கு அப்பால். அவர்களுக்கு இது கேட்காது. இந்த நகரத்தில் அந்த நேரம் அவளுடைய நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்று எனக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். என் பெயரையே சொன்னேன். நண்பனா என்றாள். ஆமாம் என்றேன்.

என் பெயரை மூன்று துண்டாக உடைத்து, இவருக்காக இவருடைய நண்பர் கேட்கிறார் என்று வானொலியில் சொன்னாள். கட்டிலில் இருந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

படிப்பு முடிந்து அவள் போனதும் அந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. ராசன் அண்ணை டொரன்டோ போய்விட்டார். ரேடியோ எந்தக் குப்பையில் போனதோ. இப்போது போன் ஒரு பாட்டு முடிய இன்னொன்றைத் தானே எடுத்துப் போடுகிறது, நல்ல பாட்டாகத்தான். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். தபாலட்டை நிறைய எழுத என்னிடம் இன்று பெயர்கள் இருக்கின்றன. யாருக்கு என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.